ஐந்து புள்ளி செத்தால் மாற்றித் தரப்படும்

அன்பும் அறிவும், எதைக் கேட்டாலும் யோசிக்காமல் பதில் சொல்லும் வேகமும் ஒருங்கே வாய்க்கப்பெற்ற மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் அக்காவின் கணவன் எழுதிக்கொள்வது. இங்கே நான், உங்கள் அக்கா, உங்கள் மருமகள் மூவரும் சுகமாக இருக்கிறோம். நான்காவதாக ஒருவரை இந்த வீட்டுக்குள் கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டுப் போனீர்களே, அவருடைய உடல்நலம் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லியிருக்கலாம், நீங்கள் எடுப்பதில்லை. செய்தி மூன்று முறை அனுப்பினேன், மூன்று முறையும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினீர்கள். ‘மானிட்டர் கெட்டுவிட்டது’ என்பதற்குக் கட்டைவிரல் எப்படிப் பதிலாகும் என்று முப்பத்தோரு வருடம் அச்சகத்தில் பிழை திருத்திய எனக்கே விளங்கவில்லை. ஆகவே தாளில் அச்சடித்து, உறையில் போட்டு, தபாலில் அனுப்புகிறேன். தாளைப் பார்த்து நீங்கள் எந்த விரலைக் காட்டினாலும் எனக்குத் தெரியப்போவதில்லை.

உங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் முதலிலிருந்து சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் எதையும் முதலிலிருந்து கேட்டதில்லை. எங்கள் அச்சகத்தில் மெய்ப்பு அறையைக் காலி செய்து அங்கே ஒரு புது இயந்திரத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். முதலாளி என்னைக் கூப்பிட்டு, “சார், நீங்க வீட்ல இருந்தே கம்ப்யூட்டர்ல பாத்துக் குடுங்க. மூணு மாசம் பாப்போம். சரியா வந்துச்சுன்னா அப்படியே போகட்டும். இல்லன்னா, பிழை பாக்க ஏதோ சாப்ட்வேர் வந்திருக்காம்ல” என்றார். கடைசி வாக்கியத்தை ஜன்னலைப் பார்த்துச் சொன்னார். வீட்டில் இருந்த அந்த வயதான பதினேழு அங்குலக் கம்ப்யூட்டர் பெட்டியில் மூன்று மாதம் ஓட்ட முடியாது என்று தோன்றியது. நல்லதாக ஒரு மானிட்டர் வாங்க வேண்டும் என்று சாப்பிடும்போது வாயை விட்டேன். அன்றைக்கு நீங்களும் சாப்பிட வந்திருந்தீர்கள். அது என் கிரகம்.

நீங்கள் செய்வது ஏசி பழுதுபார்க்கும் வேலை. அதில் உங்களை மிஞ்ச ஆளில்லை என்று உங்கள் வாயாலேயே கேட்டிருக்கிறேன். ஆனால் மானிட்டர் என்ற சொல் காதில் விழுந்ததும் சோற்றுக் கையோடு எழுந்து நின்றீர்களே, அதை நான் மறக்கவில்லை. “அத்தான், நீங்க ஒண்ணும் யோசிக்காதீங்க. நான் நாப்பது வீடியோ பாத்திருக்கேன். மூணு விதமான மானிட்டர் இருக்கு. விளையாட ஒண்ணு, வேலைக்கு ஒண்ணு, படம் பாக்க ஒண்ணு.” எனக்கு வேலைக்கு ஒன்று போதும் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் மகள் தட்டைத் தள்ளிவிட்டு வந்துவிட்டாள். விளையாட்டுக்கு அவளுக்கு நூற்றறுபத்தைந்து ஹெர்ட்ஸ் வேண்டுமாம், நொடிக்கு அத்தனை முறை படம் மாற வேண்டுமாம். “அப்பா, நம்மகிட்ட இருக்கறது அறுபது. எதிரி என்னைச் சுட்டு, நான் செத்து, அவன் துப்பாக்கியத் துடைச்சு வச்ச பின்னாடிதான் எனக்கு ஸ்கிரீன்ல தெரியுது.” உங்கள் அக்கா அடுப்படியிலிருந்து, “எனக்கு ஹெர்ட்ஸும் வேணாம் ஒண்ணும் வேணாம். படத்துல ராத்திரின்னா இருட்டா இருக்கணும். இப்ப சாம்பல் பூசுன மாதிரி இருக்கு” என்றாள். ஒரு மெய்ப்புத் திருத்துபவன் தன் வேலைக்கு ஒரு கருவி வாங்கப்போகிறான், அதற்கு வீட்டில் பொதுத் தேர்தல். பள்ளிக்கூடத்தில் மானிட்டர் என்றால் பேசுகிறவர்கள் பெயரைக் கரும்பலகையில் எழுதிக் கொடுப்பவன். அவனைக்கூட வாத்தியார் ஒரு விரலை நீட்டித் தேர்ந்தெடுத்துவிடுவார்.

கடையில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்காது, நீங்கள் விற்பனையாளருக்கு மானிட்டர் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தீர்கள். சுவர் முழுக்க மானிட்டர்கள். எல்லாவற்றிலும் ஒரே கிளி. கிளி பறந்தால் மீன், மீன் போனால் சொட்டுச் சொட்டாகத் தேன். நான் அந்த ஆளைத் தனியே கூப்பிட்டு, “தம்பி, இதுல எழுத்து காட்டுங்க” என்றேன். “எழுத்தா? எழுத்து எதுக்கு சார்? இதுல நூத்தியேழு கோடி கலர் வரும்.” “எனக்கு ரெண்டே கலர் போதும்பா, கறுப்பும் வெள்ளையும். மிச்சத்த நீங்களே வச்சுக்குங்க.” அவர் அப்படி ஒரு வாடிக்கையாளரைக் கண்டதில்லை போலிருக்கிறது. தேடிப்பிடித்து ஒரு உத்தரவாதப் பத்திரத்தைத் திறந்து காட்டினார். ஓரத்தில் இருந்த இருபத்தேழு அங்குலத் தட்டை மானிட்டரில் அது கல்லில் வெட்டியதுபோலத் தெரிந்தது. சுழி சுழியாக, கொம்பு கொம்பாக, ஒவ்வொரு புள்ளியும் தனித்தனியாக. எனக்குக் கண்ணே குளிர்ந்துபோயிற்று. அதுதான் வேண்டும் என்று திரும்புகிறேன், நீங்கள் முப்பத்துநான்கு அங்குலத்தில் வளைந்த ஒன்றைக் கட்டிப்பிடித்து நிற்கிறீர்கள். “அத்தான், ஒரே கல்லுல மூணு மாங்கா!” உங்கள் மருமகள் கைதட்டினாள். உங்கள் அக்கா, “தம்பி தெரியாமலா சொல்லுவான்” என்றாள். இந்த வாக்கியத்தைக் கேட்டு நான் இதற்கு முன்பு வாங்கியவற்றின் பட்டியல் வேறு கடிதத்தில் வரும்.

வளைவைப் பற்றி ஒரு வார்த்தை. துப்பாக்கி சுடும் பெண்ணுக்கு அது உலகத்தையே சுற்றிக் காட்டுமாம், சந்தோஷம். ஆனால் வரியைப் படிக்கிறவனுக்கு வரி நேராக இருக்க வேண்டாமா? பக்கத்தை விரித்தால் முதல் சொல்லும் கடைசிச் சொல்லும் இரண்டு பக்கமும் எழுந்து என்னைக் கட்டித் தழுவ வருகின்றன. போதாக்குறைக்கு அந்தத் தாங்கி. மேசை உங்கள் அக்காவின் பழைய தையல் மேசை என்பதை நாற்பது வீடியோவும் பார்த்த நீங்கள் கணக்கில் எடுக்கவில்லை. தாங்கியின் இரண்டு கால்களும் கோழிக்கால்போல முன்னால் நீண்டு மேசை முழுவதையும் பிடித்துக்கொண்டன. விசைப்பலகையை மடியில் வைத்துக்கொண்டு, மூக்குக்கும் திரைக்கும் ஒரு சாண் இடைவெளியில் உட்காருகிறேன். “பழகிடும் அத்தான்” என்றீர்கள். பழகிவிட்டது. இப்போது தலையைத் திருப்பாமல் வரியின் இரு முனையையும் பார்க்க முடிவதில்லை, அதனால் பழைய வழக்கப்படி வரிக்குக் கீழே பேனா முனையை ஓட்டிக்கொண்டே படிக்கிறேன். தாளில் படித்த காலத்திலிருந்து வந்த பழக்கம் அது. கையில் பேனா இல்லாவிட்டால் எனக்குக் கண் நகராது. சிவப்புப் பேனாவுக்கு இப்போது வேலை இல்லை, பெட்டிக்குள் தூங்குகிறது. கறுப்புப் பேனாதான் கூட இருக்கிறது.

கிளம்பும்போது வாசலில் நின்று ஒரு உத்தரவு போட்டீர்களே, அது இந்த வீட்டில் இன்றுவரை சட்டம். “ஸ்கிரீன யாரும் தொடாதீங்க. துணி வச்சுத் தொடச்சிடாதீங்க, கோட்டிங் போயிடும். அதுக்குன்னு தனித் துணி, தனி லிக்விட் இருக்கு. நாளைக்கே வாங்கிட்டு வர்றேன்.” மூன்று மாதம் முடியப்போகிறது. அந்த ‘நாளை’ இன்னும் விடியவில்லை. உங்கள் அக்கா வீட்டில் கதவு, ஜன்னல், மின்விசிறி, என் கண்ணாடி, நான், எல்லாவற்றையும் துடைத்துவிட்டு இந்த மேசைக்கு மட்டும் சுற்றிக்கொண்டு போகிறாள். தம்பி சொல்லிவிட்டான் அல்லவா.

காலை எனக்கு, மதியம் சாமான் கழுவியபின் உங்கள் அக்காவின் படத்துக்கு, சாயந்திரம் மகளின் போருக்கு என்று பங்கு பிரித்துக்கொண்டோம். பங்கு பிரிந்தது, மானிட்டருக்குப் புத்தி பிரியவில்லை. முதல் வாரமே ஒரு பள்ளிக்கூடத்தின் ஆண்டறிக்கை வந்தது, இருபத்திரண்டு பக்கம். ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் சிவப்பாக ஒரு கூட்டல் குறி. தலைமையாசிரியர் கணக்கு வாத்தியாராக இருப்பார்போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, ‘எல்லாப் பக்கங்களிலும் நடுவே உள்ள கூட்டல் குறியை நீக்குக’ என்று எழுதி அனுப்பிவிட்டேன். அச்சகத்தில் தட்டச்சுப் பெண் ஒரு காலை முழுவதும் தேடினாளாம். முதலாளி போனில், “சார், கூட்டல் எங்க இருக்கு?” என்றார். “நடுவுல இருக்கே, செக்கச்செவேல்னு!” என்றேன். சாயந்திரம் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அது மானிட்டரே போடும் குறியாம், துப்பாக்கி குறி பார்ப்பதற்கு. முந்தின நாள் அணைக்க மறந்துவிட்டாளாம். நான் ஒரு காலை முழுவதும் பரிசு வாங்கிய பிள்ளைகளைக் குறி வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

சரி, அது மகள் செய்த பிழை, போகட்டும். அடுத்ததுதான் தலைக்கு வந்தது. ஒரு பல் மருத்துவர் புது மருத்துவமனை திறக்கிறார். துண்டுப் பிரசுரம், மொத்தமே பதினோரு வரி. நான் இரண்டு முறை பார்த்து, சரி என்று ஒப்புதல் கொடுத்தேன். மூவாயிரம் பிரதி அச்சாகி ஊரெல்லாம் போய்ச் சேர்ந்தது. ‘வலியின்றிப் பல் பிடுங்கப்படும்’ என்று இருக்க வேண்டிய இடத்தில், ‘வலியின்றிப் பல பிடுங்கப்படும்’ என்று இருந்தது. ஒரு புள்ளி, மாப்பிள்ளை. லகரத்துக்கு மேலே கடுகளவு ஒரு புள்ளி இல்லை, அவ்வளவுதான். முதல் நாளே ஒருவர் அந்தத் தாளோடு உள்ளே போய், “டாக்டர், நீங்க வேற என்னென்ன பிடுங்குவீங்க?” என்று கேட்டிருக்கிறார். அந்தக் கேள்வி தமிழில் எப்படி ஒலிக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மருத்துவர் நேராக அச்சகத்துக்குப் போய்விட்டார்.

நான் கோப்பைத் திறந்து பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், புள்ளி இருந்தது. ‘பல்’ என்று அழகாக இருந்தது. இது என்ன மாயம் என்று கீழ்நோக்கும் விசையை ஒருமுறை அழுத்தினேன். வரி நகர்ந்தது. புள்ளி நகரவில்லை. அது அங்கேயே நின்றுகொண்டு அடுத்து வந்த வரியின் தலையில் ஏறி, ‘இலவசம்’ என்பதை ‘இல்வசம்’ ஆக்கியது. நான் எப்போதும் வரியை ஒரே உயரத்தில் நிறுத்தித்தான் படிப்பேன். சரியாக அந்த உயரத்தில், எங்கே புள்ளி இல்லையோ அங்கே புள்ளி வைத்துக்கொடுக்க ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறான்.

மகளின் குறியாக இருக்குமோ என்று அவளைக் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் அணைத்துக் காட்டினாள், புள்ளி போகவில்லை. உங்களைப் போனில் பிடித்தேன், அன்று என் அதிர்ஷ்டம் எடுத்தீர்கள். “கறுப்பா இருக்கா? நகரலையா? அப்ப அது டெட் பிக்சல் அத்தான். ஸ்கிரீன்ல அந்தப் புள்ளி செத்துப்போச்சு. ஒண்ணும் பண்ண முடியாது” என்று நேரில் பார்க்காமலே மரணச் சான்றிதழ் கொடுத்தீர்கள். கடைக்குப் போனேன். “ஒரு புள்ளி செத்தா அது குறை இல்ல சார். கம்பெனி ரூல். அஞ்சு செத்தாத்தான் மாத்தித் தருவோம்.” “அதுவரைக்கும்?” “வெயிட் பண்ணுங்க.” எனக்குத் தெரிந்து ஒரு கடையில் பொருள் வாங்கியவனை, பொருள் சாகக் காத்திருக்கச் சொல்வது இதுதான் முதல் முறை.

வீட்டில் மற்ற இருவருக்கும் அந்தப் பிணத்தால் ஒரு கஷ்டமும் இல்லை என்பதையும் பதிவு செய்கிறேன். உங்கள் அக்கா, “கதாநாயகிக்குக் கன்னத்துல மச்சம் எடுப்பா இருக்கு” என்றாள். அடுத்த காட்சியில் அதே மச்சம் வில்லனுக்கு வந்தது. “ஒருவேளை அண்ணன் தங்கச்சியோ?” என்று படம் முடியும்வரை எதிர்பார்த்திருந்தாள். மகளோ அதை வைத்தே குறி பார்க்கிறாள். “மாத்தாதீங்கப்பா, சும்மா கிடைச்ச குறி.” மூன்று பேருக்கும் ஒரே மானிட்டர் என்று நீங்கள் சொன்னது பலித்துவிட்டது. விளையாட்டுக்கு உதவுகிறது, படத்துக்கு அழகு சேர்க்கிறது, வேலைக்கு மட்டும் உலை வைக்கிறது.

முதலாளியிடம் மானிட்டரில் கோளாறு என்று சொன்னேன். “சார், மொதல்ல இல்லாத கூட்டலப் பாத்தீங்க. இப்ப இல்லாத புள்ளியப் பாக்கறீங்க. கண்ண ஒருதரம் காட்டிட்டு வாங்களேன். மாசக் கடைசி வரைக்கும் பாக்கறேன்” என்றார். அவர் கோபப்பட்டிருந்தால் நானும் கோபப்பட்டிருப்பேன். பரிதாபப்பட்டார். மாப்பிள்ளை, இதை உங்கள் அக்காவிடம்கூடச் சொல்லவில்லை. அன்று எனக்குப் பயம் வந்துவிட்டது. எனக்குத் தெரிந்தது இந்த ஒரு வேலைதான். சமைக்கத் தெரியாது, வண்டி ஓட்டத் தெரியாது, ஏசிக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாது. ஒற்றுப்பிழை பார்க்கத் தெரியும். அந்தக் கண் போய்விட்டதென்றால் வீட்டில் நான் ஒரு நாற்காலிக்குச் சமம். அதனால் கண் மருத்துவரிடமும் போகவில்லை. மானிட்டர்தான் கெட்டது என்று பிடிவாதமாக இருந்தேன்.

கடவுள் கண் திறந்தார். அடுத்த வாரம் இரண்டாவது புள்ளி செத்தது. பத்து நாளில் மூன்றாவது. எல்லாம் ஒரே வரிசையில், ஒன்றுக்கொன்று விரல்கடை தூரத்தில். வளைவு அதிகமாக மடங்கும் இடத்தில் நரம்பு இழுத்துக்கொள்கிறது என்பது என் முடிவு. உங்கள் தேர்வின் லட்சணம் அப்படி. “ஏம்பா, நான் ஆடறப்ப ஒண்ணும் சாகமாட்டேங்குது. நீங்க உக்காந்து எந்திரிச்சாத்தான் ஒண்ணு சாகுது” என்று மகள் ஒரு ஆராய்ச்சிக் குறிப்பு சொன்னாள். நான் அதைப் பொருட்படுத்தவில்லை. நான்காவது செத்தபோது உங்கள் அக்கா பாயசம் வைக்கட்டுமா என்றாள், கிண்டலாக. எனக்குக் கிண்டல் தெரியவில்லை, வை என்றேன். இடையில் வந்த வேலையை எல்லாம் ஒவ்வொரு பக்கத்தையும் மேலும் கீழும் ஆட்டி, நகர்கிற புள்ளி எது, நகராத புள்ளி எது என்று பிரித்துப் பார்த்துக் கொடுத்தேன். ஒரு பிழையும் போகவில்லை. கழுத்துதான் போனது. இந்த வியாழக்கிழமை காலை, காப்பி ஆறுவதற்குள், ஐந்தாவது புள்ளி செத்தது.

ஆகவே மாப்பிள்ளை அவர்கள் வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குள், உங்கள் பெயரில் போட்டு நீங்களே வைத்துக்கொண்டிருக்கும் பில்லையும், ‘ஏசி சாமான் வைக்க ஆகும்’ என்று தூக்கிக்கொண்டு போன அட்டைப்பெட்டியையும் எடுத்துக்கொண்டு வந்து, இந்த வளைந்த வஸ்துவைத் திரும்பக் கொடுத்து, ஓரத்தில் இருந்த அந்தத் தட்டை மானிட்டரை வாங்கித் தரவும். கிளி வேண்டாம், மீன் வேண்டாம், தேன் வேண்டாம். உங்கள் தவறான ஆலோசனையால் ஒரு குடும்பத்தலைவனின் முப்பத்தோரு வருடப் பெயர் ஊசலாடுகிறது என்பதை உணர்ந்து, கட்டைவிரலை மடக்கிக்கொண்டு நேரில் வரவும்.

உங்கள் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் என் அன்பு. நீங்கள் நீண்ட ஆயுளோடும், பெரிய வீடுகளில் பெரிய ஏசிகளோடும், பிறருக்கு ஆலோசனை சொல்ல நேரமே இல்லாத அளவுக்கு வேலையோடும் வாழ ஆசீர்வதிக்கும்,

உங்கள் அத்தான்.

பின்குறிப்பு: ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம். மேலே உள்ளதை அச்சடித்து மடிக்கப் போகும் நேரம், உங்கள் அக்கா கத்தரிக்கோல் தேடி இந்த மேசைக்கு வந்தாள். மூன்று மாதத் தூசியைப் பார்த்ததும் அவளுக்குப் பொறுக்கவில்லை. “தம்பியாவது தும்பியாவது” என்று ஈரத் துணியால் ஒரே இழுப்பு. “ஐயோ, தொடாதே!” என்று கத்தினேன். திரை பளிச்சென்று இருந்தது. துணியில் ஐந்து கறுப்புத் தீற்றல். அவள் துணியைப் பார்த்தாள், முகர்ந்து பார்த்தாள், பிறகு என் கையைப் பார்த்தாள். “இது மை இல்ல? வரிக்கு வரி நீங்களே பேனாவால குத்திட்டு, என் தம்பியத் திட்டி அஞ்சு பக்கம் அடிச்சிருக்கீங்களா?” என்று பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள். வலியின்றித்தான் பிடுங்கினாள். முதலாளிக்குப் போன் செய்து, பிழை மானிட்டருடையது இல்லை, என்னுடையது என்று சொல்லிவிட்டேன். அவர் சிரித்து முடிக்க நேரமாயிற்று. “அப்ப கண்ணு நல்லாத்தான் இருக்கு. நல்லதாப் போச்சு சார். நேத்து அந்த சாப்ட்வேர்ல இதே நோட்டீஸப் போட்டுப் பாத்தோம். ‘பல பிடுங்கப்படும்’ சரியா இருக்கு, பிழையே இல்லைன்னு சொல்லிடுச்சு. நாளைக்கு நாலு புத்தகம் அனுப்பறேன், பேனா இல்லாமப் பாருங்க” என்றார். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது, அதைத் துடைக்க அந்த ஈரத் துணியைத்தான் எடுத்தேன், இப்போது முகத்தில் மை. மற்றபடி, மேலே உள்ள கடிதம் முழுவதையும் திரையில் ஐந்து புள்ளிகள் இருந்தபோதுதான் அடித்தேன். எங்கேனும் ஒரு மெய்யெழுத்து மொட்டையாக நின்றால் நீங்களே ஒரு புள்ளி வைத்துப் படித்துக்கொள்ளவும். தாளில் வைக்கலாம், ஒன்றும் ஆகாது.